‘நாணய விளிம்பு அளவு’: பி ஷெங்கின் மண் எழுத்து பற்றி நெடுவழிக்குப் பதில்

ஈயஎழுத்து:
முந்தாநாள் சீன வரலாற்று இழையில, சோங் வம்சக் காலத்தைப் (960-1279) பத்தி நெடுவழி எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல. அங்க பதில் போட்டா நாலு பேர் பேச்சுல அமுங்கிடும், அதனால தனி இழை. அவர் எழுதினது இதுதான், ஒரு எழுத்து மாத்தல:

“சோங் காலத்துக் கண்டுபிடிப்புகள் எல்லாம் ஏட்டோடு நின்றவை. சாமானியன் வாழ்க்கையை எதுவும் தொடவில்லை. பி ஷெங்கின் மண் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாணய விளிம்பு தடிமன்தான் என்று மூலத்திலேயே இருக்கிறது. கையில் எடுத்தால் பொடியாகிவிடும். இதற்குப் போய் அச்சு என்று பெயர்.”

நான் பதினாறு வயசுல அச்சகத்துக்குள்ள கால் வச்சவன். முப்பத்தோரு வருஷம் ஈய எழுத்து கோத்தேன். கேஸ் (எழுத்தை அறை அறையா வைக்கிற பெட்டி) முன்னால நின்னு நின்னு முழங்கால் போச்சு. அந்த அனுபவத்துல சொல்றேன், இவர் மூலத்தைத் தப்பாப் படிச்சிருக்கார்.

ஷென் குவோ 1088 வாக்குல எழுதின ‘கனவோடைக் குறிப்புகள்’ல வர்ற பத்தி அது. சிங்லி ஆண்டுகள்ல, அதாவது 1041-க்கும் 1048-க்கும் நடுவுல, பதவி எதுவும் இல்லாத பி ஷெங்னு ஒரு சாமானியன் இந்த முறையைக் கண்டுபிடிச்சான்னு சொல்றார். ஒட்டுற களிமண்ணுல எழுத்தைச் செதுக்குறான், நாணய விளிம்பு அளவு மெல்லிசா. ஒரு எழுத்துக்கு ஒரு முத்திரை. நெருப்புல சுட்டுக் கெட்டியாக்குறான். இரும்புத் தகட்டுல பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்து பூசி, மேல இரும்புச் சட்டம் வச்சு, சட்டம் நிறைய எழுத்தை அடுக்குறான். அனல்ல காட்டினா பிசின் இளகும். தட்டைப் பலகையை வச்சு அமுக்கினா எழுத்தெல்லாம் சாணைக்கல் மாதிரி ஒரே மட்டத்துல நிக்கும். அடிச்சு முடிச்சதும் திரும்ப அனல்ல காட்டிக் கையால தட்டினா எழுத்து தானா உதிரும்.

இதுல நாணய விளிம்பு அளவுங்கிறது எழுத்து மேல எழும்பி நிக்கிற உயரம். முத்திரையோட மொத்தத் தடிமன் இல்லவே இல்ல. ஈய எழுத்து அடியில இருந்து முகம் வரைக்கும் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர். அதுல மை படுற முகம் எழும்பி நிக்கிறது ரெண்டு மில்லிமீட்டர் கூட வராது. அந்த முகத்தை மட்டும் அளந்துட்டு “ஈய எழுத்து ரெண்டு மில்லிமீட்டர்தான், உடைஞ்சிடும்”னு எழுதினா எப்படி இருக்கும்? இவர் எழுதினது அப்படித்தான் இருக்கு.

நெடுவழி:
ஐயா, உங்கள் முழங்காலுக்கும் பதினோராம் நூற்றாண்டுச் சீனத்துக்கும் என்ன தொடர்பு? ‘எழும்பி நிற்கும் உயரம்’ என்று மூலத்தில் ஒரு சொல் காட்டுங்கள். ‘களிமண்ணில் எழுத்தைச் செதுக்கி, நாணய விளிம்பு போல மெல்லியதாக’ என்பதோடு முடிகிறது. மெல்லியது எழுத்தா, எழுத்தைத் தாங்கும் மண்ணா என்று ஷென் குவோ சொல்லவில்லை. அவர் சொல்லாததை நீங்கள் சொல்கிறீர்கள்.

சோங் காலச் செப்புக் காசின் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. அந்தத் தடிமனில் ஒரு மண் வில்லை அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தைத் தாங்காது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஈயஎழுத்து:
எந்த இயந்திரம்? எந்த அழுத்தம்? அப்ப சீனத்துல புத்தகம் அடிக்கிறதுக்கு இயந்திரமே கிடையாது தம்பி! புகைக்கரியில செஞ்ச தண்ணி மையைத் தூரிகையால எழுத்து மேல தடவுவாங்க. மெல்லிசான தாளை மேல போட்டு, தாளோட முதுகுல காய்ஞ்ச தூரிகையால ஒரு இழுப்பு. அவ்வளவுதான் அச்சு. அந்தத் தாள் மையை உறிஞ்சிப் பின்பக்கம் தெரியும், அதனால ஒரு பக்கம்தான் அடிப்பாங்க, நடுவுல மடிச்சுக் கட்டுவாங்க. நீங்க மனசுல வச்சிருக்கிறது குட்டன்பெர்க்கோட திருகு அழுத்தி. அது வந்தது 1450-கள்ல, மைன்ஸ் ஊர்ல. நானூறு வருஷம் பிந்தினதைக் கொண்டுவந்து பி ஷெங் தலையில ஏத்துறீங்க.

அழுத்தமே இல்லாத இடத்துல எப்படி உடையும்? அதுவும் விளிம்பு அளவுங்கிறது உயரத்தை...

நெடுவழி:
எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தம்பி என்று அழைக்க வேண்டாம்.

பலகையை வைத்து ‘அமுக்கினான்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமுக்குவது அழுத்தம் இல்லாமல் வேறென்ன?

ஈயஎழுத்து:
இளகின பிசின் மேல உட்கார்ந்திருக்கிற எழுத்தை மட்டம் பண்றதுக்கு அமுக்குறான். பிசின் விட்டுக்கொடுக்கும். இதைக்கூட விளக்கணுமா?

கணக்குப்பிள்ளை:
எழுத்தின் தடிமனிலேயே இருவரும் சிக்கிக்கொண்டீர்கள். நெடுவழியின் பெரிய பிழை முதல் இரண்டு வரியில் இருக்கிறது. ‘சாமானியன் வாழ்க்கையைத் தொடவில்லை’ என்கிறார். செங்டு நகரத்தில் உப்பு வாங்கப் போன மனிதனைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

செங்டு இருக்கும் சிச்சுவான் பகுதியில் புழங்கியது இரும்புக் காசு. சிறிய இரும்புக் காசில் பத்துச் சரம், அதாவது பத்தாயிரம் காசு, 65 ஜின் எடை. நம் கணக்கில் ஏறக்குறைய 40 கிலோ. மூன்று, ஐந்து சரத்துக்கு மேல் சந்தைக்குத் தூக்கிப்போகவே முடியாது. அதனால் செங்டுவின் பதினாறு செல்வந்தக் குடும்பங்கள் காசை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தன. அந்த ரசீதே கை மாறியது. அதுதான் ஜியாவ்சி. சிலர் காசைத் திருப்பித் தர முடியாமல் வழக்கு, அடிதடி என்று ஆனபின் 1023-ல் அரசு தனி அலுவலகம் அமைத்து அதைத் தன் கையில் எடுத்தது. முதல் வெளியீடு 1024-ல். உச்சவரம்பு 12,56,340 சரம், கையிருப்பு 3,60,000 சரம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் காலக்கெடு இரண்டு ஆண்டு. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்க சரத்துக்கு முப்பது காசு கட்டணம். உலகத்தின் முதல் அரசுக் காகிதப் பணம் இது. ஏட்டில் இருந்ததா, மடியில் இருந்ததா?

நெடுவழி:
காலக்கெடு மூன்று ஆண்டு. ஆவணத்தில் ‘மூன்றாண்டுக்கு ஒரு வெளியீடு’ என்றே இருக்கிறது. அடிப்படையே தெரியாமல் எழுத வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சீனக் கணக்கில் தொடங்கும் ஆண்டும் முடியும் ஆண்டும் சேர்ந்துதான் எண்ணப்படும். அப்படி எண்ணினால் மூன்று, முழு ஆண்டாகப் பார்த்தால் இரண்டு. ‘அடிப்படை’ பற்றி நீங்கள் பேசுகிறீர்களா?

நெடுவழி:
ஆவணம் மூன்று என்றால் மூன்று.

ஈயஎழுத்து:
பாருங்க, எல்லாரும் பாருங்க. ஆவணத்துல மூணுன்னு இருந்தா மூணுதான்னு நிக்கிறவர், ஷென் குவோ “இன்னும் பத்திரமா இருக்கு”ன்னு எழுதினதை மட்டும் ஏன் விட்டுட்டார்? பத்தியோட கடைசி வரி அது. பி ஷெங் செத்தப்புறம் அந்த எழுத்தெல்லாம் ஷென் குவோவோட உறவுப் பிள்ளைங்க கைக்கு வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் பாதுகாத்து வச்சிருக்காங்கன்னு எழுதுறார். நாப்பது வருஷம்! பொடியாகிற பொருளை யார் நாப்பது வருஷம் வச்சிருப்பா?

நெடுவழி:
பாதுகாத்து வைத்தார்கள் என்றாலே பயன்படுத்தவில்லை என்றுதான் பொருள். எடுத்திருந்தால் உடைந்திருக்கும்.

ஈயஎழுத்து:
இப்படி ஒரு பதிலை என் வாழ்க்கையில கேட்டதில்ல.

வேங்கைநாடன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சோங் சீனத்து மக்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டதே தமிழன் நெல்தான் என்பதை ஒருவரும் சொல்லவில்லையே? 1012-ல் சென்சோங் பேரரசர் வறட்சிக்காக வரவழைத்தது சம்பா நெல். பெயரிலேயே இருக்கிறது. நம் காவிரிக் கரைச் சம்பா கப்பலேறிப் போய்ச் சீனத்தின் பசி தீர்த்தது. இதைப் பெருமையோடு சொல்ல நமக்கு ஏன் தயக்கம்?

குறுவைக்காரி:
அண்ணே, அது நம்ம சம்பா இல்ல. நான் டெல்டாவுல வெவசாயம் பாக்குறவ, அதனால சொல்றேன். சம்பாங்கிறது அஞ்சு மாசம், அதுக்கு மேலயும் நிக்கிற நெல்லு. சீனத்துக்காரங்க தேடினது சீக்கிரம் வெளையற நெல்லு. நட்டு நூறு நாளு வாக்குல அறுத்துடலாம், தண்ணி கம்மியா இருந்தாலும் தாங்கும். நம்ம கணக்குல பாத்தா அது குறுவை மாதிரி. பேரு வந்தது சம்பா ராச்சியத்துல இருந்து. இப்ப வியட்நாமோட நடுப்பகுதி. அங்கேருந்து சீனத்தோட தென்கிழக்குக் கடலோரம் இருக்கிற ஃபூஜியனுக்கு முன்னாடியே வந்து அந்த ஊர் வெவசாயிங்க போட்டுக்கிட்டு இருந்தாங்க. ராசா அந்த ஃபூஜியன்ல இருந்துதான் 30,000 ஹூ (அந்தக் காலத் தானிய அளவு) வெதை எடுத்து, யாங்சி ஆத்துக் கீழ்ப்பக்கம் வறட்சியில கெடந்த ஊருங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தார். வெதை மட்டும் இல்ல, எப்படி ஊறவைக்கணும், எப்ப நடணும்னு எழுதி ஊர் ஊரா ஒட்டச் சொன்னார்.

எனக்கு அந்த ஒட்டினதுதான் பெருசா படுது. புது வெதையைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டா எந்த வெவசாயியும் போட மாட்டான். ஒரு போகம் பொய்ச்சா வருசம் முழுக்கப் பட்டினி. மேட்டு நெலத்துல, வானம் பாத்த காட்டுல இந்த நெல்லு நின்னுச்சு. நெடுவழி அண்ணே, இதுக்கு மேல சாமானியனை எப்படித் தொடணும்?

வேங்கைநாடன்:
சம்பா என்ற பெயர் அங்கே எப்படிப் போனது என்று யோசித்தீர்களா சகோதரி? சொல் தானாக நடந்து போகுமா?

குறுவைக்காரி:
பேரு எங்கேருந்து வேணா வந்திருக்கட்டும் அண்ணே. நூறு நாள் நெல்லும் நூத்தம்பது நாள் நெல்லும் ஒண்ணு இல்ல. வயல்ல எறங்கினா தெரியும்.

நெடுவழி:
நெல் விதை பரப்பியது கண்டுபிடிப்பு அல்ல. ஏற்கெனவே இருந்த விதை. கேள்வி மண் எழுத்தைப் பற்றியது. நாணய விளிம்பு.

வடலி:
நான் ஒண்டு கேக்கலாமோ? எல்லாரும் ‘கண்டுபிடிப்பு’ எண்டு எழுதுறியள். முதன்முதலாச் செய்யிறதோ, சனம் எல்லாம் பாவிக்கிற அளவுக்கு வாறதோ, எதை அப்பிடிச் சொல்லுறியள்? ‘அச்சு’ எண்டதும் அப்பிடித்தான். முழுப் பக்கத்தையும் ஒரே பலகையில செதுக்கிற பலகை அச்சையோ, தனி எழுத்து அச்சையோ கதைக்கிறியள்? ரெண்டையும் கலந்துதான் சண்டை போகுது போல கிடக்கு.

வேங்கைநாடன்:
1077-ல் சோழத் தூதுக்குழு 72 பேராகச் சோங் தலைநகர் கைஃபெங் போனது எல்லோருக்கும் நினைவிருக்கட்டும். சோங் பேரரசர் 81,800 சரம் செப்புக் காசு கொடுத்து அனுப்பினார். எவனுக்கு மரியாதை இருந்தது என்று அதிலேயே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
தூதுக்குழு போனது உண்மை. 1015, 1033, 1077 என்று மூன்று முறை. கொடுத்த காசு, கொண்டுபோன பொருளுக்குப் பதில். அதை மரியாதைக்கு அளவுகோலாக்கினால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். 1106-ல் பகான் (இன்றைய மியான்மர்) நாட்டுத் தூதரைச் சோழருக்குச் சமமாக வரவேற்கலாம் என்று பேரரசர் சொன்னபோது, “சோழம் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, பகானை அந்த வரிசையில் வைக்கக் கூடாது” என்று அவருடைய அதிகாரிகள் எழுதினார்கள். சோங் வம்ச வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது.

வேங்கைநாடன்:
ராஜேந்திரன் கடாரம் கொண்டது 1025-ல். ஸ்ரீவிஜயத்தை அடித்தவன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவனா? அந்த அதிகாரிக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை இங்கே தூக்கிவந்து போடுகிறவரின் நோக்கம் எனக்குப் புரிகிறது.

கணக்குப்பிள்ளை:
அவர்கள் எழுதியது தவறு. எழுதியது உண்மை. இரண்டும் வேறு. என் நோக்கத்தை ஆராய வேண்டாம்.

நெறியாளர்:
சோழர் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே சோங் காலத்து வாழ்க்கையும் தொழில்நுட்பமும் மட்டும். தனிமனிதத் தாக்குதல் வேண்டாம்.

ஈயஎழுத்து:
நெறியாளருக்கு நன்றி. விஷயத்துக்கு வர்றேன்.

பி ஷெங் மரத்துல ஏன் செய்யலன்னு ஷென் குவோவே காரணம் சொல்றார். மரத்துக்கு நரம்பு ஓடும், ஒரு இடம் மென்மை, ஒரு இடம் கடினம். தண்ணி பட்டா உப்பும், மட்டம் தப்பும். பிசின்ல வேற ஒட்டிக்கும், எடுக்க வராது. இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. எங்க அச்சகத்துல போஸ்டருக்குன்னு பெரிய மர எழுத்து வச்சிருந்தோம். ஐப்பசி அடைமழையில ஒரு நாடகப் போஸ்டர். ‘ழ’ ஒண்ணு ஈரம் குடிச்சு உப்பிடுச்சு. பக்கத்து எழுத்தெல்லாம் மங்கல், ‘ழ’ மட்டும் கரேர்னு தாளைக் கிழிச்சுக்கிட்டு வருது. மொதலாளி வாயில வந்ததையெல்லாம் கேட்டேன். அடியில அரம் போட்டுத் தேய்ச்சுத்தான் அந்த ராத்திரி வேலை முடிஞ்சுது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் இதே தொல்லையைப் பட்டு, ‘மரம் வேண்டாம், சுட்ட மண்ணுக்குப் போவோம்’னு முடிவு பண்ணியிருக்கான். வேலை செஞ்சு பாத்தவன்தான் இப்படி யோசிப்பான். ஏட்டுல இருந்தவன் யோசிக்க மாட்டான்.

இன்னும் கேளுங்க. சாதாரணமா அதிகம் வர்ற எழுத்துக்கு, ‘ஜி’, ‘யே’ மாதிரி, இருபதுக்கு மேல முத்திரை வச்சிருந்தான். ஒரே பக்கத்துல திரும்பத் திரும்ப வரும்ல? எங்க கேஸ்லயும் ‘க’வுக்குப் பெரிய அறை, ‘ங’வுக்குச் சின்ன அறை. பயன்படாத நேரம் எழுத்தையெல்லாம் ஓசை வாரியா பிரிச்சு, காகிதச் சீட்டு ஒட்டி, மரப் பெட்டியில வச்சான். அபூர்வமா ஒரு எழுத்து வந்தா உடனே செதுக்கி வைக்கோல் தீயில சுட்டு எடுத்துடுவான். ரெண்டு தகடு வச்சிருந்தான். ஒண்ணுல அடிக்கும்போதே இன்னொண்ணுல கோப்பாங்க. “ரெண்டு மூணு பிரதின்னா இது லேசு இல்ல, பத்து நூறு ஆயிரம்னா தெய்வ வேகம்”னு ஷென் குவோ எழுதுறார். பொம்மையைப் பத்தி இப்படி யாராவது எழுதுவாங்களா?

நெடுவழி:
உருக்கமாக எழுதுகிறீர்கள். கேள்விக்குப் பதில் இல்லை. அந்த எழுத்தில் அச்சான ஒரு புத்தகம், பி ஷெங் அச்சடித்தது, ஒன்றே ஒன்று காட்டுங்கள். இல்லை. ஏன்? விளிம்பு தடிமன் மண்ணால் அச்சடிக்க முடியாது என்பதால்.

ஈயஎழுத்து:
அவன் அடிச்சது கிடைக்கல, சரி. அதுக்காக முறை பொய்யாகுமா? 1193-ல சோ பிதாங்கிற, பெரிய அமைச்சரா இருந்தவர், ஷென் குவோ சொன்ன முறைப்படியே மண் எழுத்தைச் செப்புத் தகட்டுல அடுக்கித் தன் புத்தகத்தை அடிச்சதா நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கார். 1298-ல வாங் சென்ங்கிற அதிகாரி அறுபதாயிரத்துக்கு மேல மர எழுத்து செதுக்கி, சுத்துற மேசையில அடுக்கி வச்சு, தன் மாவட்டக் குறிப்பேட்டை ஒரு மாசத்துக்குள்ள நூறு பிரதி அடிச்சார். 1844-ல அன்ஹுய் மாகாணத்துல ஜாய் ஜின்ஷெங்னு ஒரு வாத்தியார், ஷென் குவோ பத்தியைப் படிச்சுட்டு முப்பது வருஷம் உழைச்சு, லட்சத்துக்கு மேல மண் எழுத்து சுட்டுப் புத்தகமே அடிச்சார். அந்த எழுத்துல கொஞ்சம் இன்னைக்கும் இருக்கு. உடைஞ்சுதா?

நெடுவழி:
ஒன்று எண்ணூறு ஆண்டு கழித்து. ஒன்று மரம். நீங்களே மரம் ஆகாது என்றீர்கள், இப்போது வாங் செனின் மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். எது உங்கள் கட்சி?

ஈயஎழுத்து:
வாங் சென் பிசின் போடல. மூங்கில் சீவல் வச்சு வரிசையைப் பிரிச்சு, மரச் சக்கை செருகி இறுக்கினார். பிசின் இல்லன்னா மரம் ஒட்டிக்கிற பிரச்சினை ஏது? முழுசாப் படிக்கணும் தம்பி.

நெடுவழி:
மறுபடி தம்பி. நெறியாளர் கவனிக்கவும்.

போன ஆண்டுத் தரங்கம்பாடி இழையிலும் இவர் இப்படித்தான். அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 என்று நான் எழுதினேன். 1714 என்று இருபது பதிவு போட்டார். கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஈயஎழுத்து:
நற்செய்தி நாலும் அப்போஸ்தலர் பணியும் 1714. முழுசா முடிஞ்சது 1715. நான் அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன். உங்களுக்கு உறுத்துதுன்னா நான் என்ன பண்ண?

கணக்குப்பிள்ளை:
அன்று நீங்கள் ‘முழுமையும் 1714’ என்றுதான் சொன்னீர்கள். எனக்கு நினைவிருக்கிறது.

ஈயஎழுத்து:
நீங்களுமா!

குறுவைக்காரி:
சண்டை போட்டுக்கிட்டே இருங்க. நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அச்சு சாமானியனைத் தொட்டுச்சாங்கிறதுக்குத் தனி எழுத்து வேணுமா? 1088-ல அரசாங்கமே மருத்துவப் புத்தகத்தைச் சின்ன எழுத்துல அடிக்கச் சொல்லுச்சு. பெரிய எழுத்துன்னா தாளும் மையும் செலவு, சனங்க வாங்க முடியலன்னு காரணமும் எழுதியிருக்காங்க. அதுக்குப் பன்னெண்டு வருசம் முன்னாடி, 1076-ல, கைஃபெங்ல அரசாங்க மருந்துக் கடை தொறந்து, தயார் பண்ணின மருந்தை வித்தாங்க. ஒரு பொம்பளைக்குப் பிரசவக் காய்ச்சல் வந்தா எந்த மருந்துன்னு பக்கத்து வீட்டுல புத்தகம் இருந்தா போதும். எனக்கு இது பி ஷெங்கை விடப் பெருசு.

நெடுவழி:
அது பலகை அச்சு. இங்கே பேசுவது எழுத்து அச்சு.

ஈயஎழுத்து:
நீங்க சொன்னது ‘சாமானியன் வாழ்க்கையை எதுவும் தொடவில்லை’. எதுவும்! இப்ப பலகை அச்சு கணக்குல வராதா?

நெடுவழி:
‘பி ஷெங்கின் மண் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொன்னேன்.

வடலி:
இதைத்தான் நான் அப்பவே கேட்டனான்.

கணக்குப்பிள்ளை:
பலகை அச்சு ஏன் வென்றது என்பதையாவது யாராவது பேசலாம். செங்டுவில் 971 முதல் 983 வரை பௌத்தத் திருமுறை முழுவதையும் செதுக்கினார்கள். ஏறக்குறைய 1,30,000 பலகை. செதுக்கிவிட்டால் அடுக்கி வைக்கலாம். நாலு பிரதி கேட்டால் நாலு. பத்தாண்டு கழித்து நூறு கேட்டால் நூறு. எழுத்து அச்சில் பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டால் போனது போனதுதான். பல்லாயிரம் எழுத்துருக் கொண்ட மொழிக்குப் பலகைதான் லாபம். மண்ணின் தடிமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கைஃபெங் வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல். நகரம் 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் படையிடம் விழுந்தது. தெற்கே தப்பிப்போன மெங் யுவான்லாவ் தன் ஊரை நினைத்து எழுதியதில் உணவு விடுதிப் பரிமாறுகிறவன் ஒருவன் வருகிறான். இடது கையில் மூன்று கிண்ணம். வலது கையில் உள்ளங்கை முதல் தோள் வரை அடுக்கி ஏறக்குறைய இருபது கிண்ணம். ஒருவர் சூடாகக் கேட்பார், ஒருவர் ஆறினதாக, ஒருவர் கொழுப்பு வேண்டாம் என்பார். யாருக்கு எது என்பது ஒன்று தவறினாலும் வாடிக்கையாளர் முதலாளியிடம் சொல்வார், அவனுக்குத் திட்டு, கூலிப் பிடித்தம், சில சமயம் வேலையே போகும். இரவுச் சந்தை மூன்றாம் ஜாமம் வரை, ஐந்தாம் ஜாமத்தில் மறுபடி கடை திறப்பு. சோங்குக்கு முந்தைய தாங் வம்சக் காலத்துத் தலைநகரில் முரசு அடித்தால் பேட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள், தெருவில் நடந்தாலே தண்டனை. அந்த மாற்றத்தை ‘ஏடு’ என்று சொல்வதற்கு மனம் வேண்டும்.

நெடுவழி:
மூன்றாண்டை இரண்டாண்டு என்று எழுதியவரின் தகவலை நான் எடுத்துக்கொள்வதில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டாண்டுதான்.

ஈயஎழுத்து:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் பேச்சோட விடல. போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல பானை செய்யற வேளார் ஒருத்தர் வீட்டுக்குப் போனேன். குளத்து மண்ணை ரெண்டு தடவை சலிச்சு, பிசைஞ்சு, விரல் உயரத்துக்குப் பன்னெண்டு கட்டை பிடிச்சேன். பாதி காய்ஞ்சதும் எழுத்தை இடம் வலம் மாத்திச் செதுக்கினேன். எழுத்து எழும்பி நிக்கிற உயரம், பழைய அஞ்சு பைசா விளிம்பை வச்சுப் பாத்து, அதே அளவு. அவர் பானையோட சேத்துச் சூளையில வச்சுக் கொடுத்தார். பைன் பிசின் கிடைக்கல, குங்கிலியமும் தேன்மெழுகும் அடுப்புச் சாம்பலும் கலந்து இரும்புத் தோசைக்கல்லுல பூசி, எழுத்தை அடுக்கி, மட்டம் பண்ணி, மையைத் தடவித் தாளைப் போட்டு இழுத்தேன். விழுந்துச்சு! ‘அ’ வோட சுழி முதக்கொண்டு தெளிவா விழுந்துச்சு. நாப்பது தாள் அடிச்சேன். கல்லைத் திரும்ப அடுப்புல காட்டினதும் ஷென் குவோ எழுதின மாதிரியே கையால தட்ட உதிர்ந்துச்சு. என் பேத்தி பக்கத்துல நின்னு பாத்தா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பன்னெண்டுல ரெண்டு மட்டும் சூளையில விரிசல் விட்டுச்சு. மண்ணுக்குள்ள பொடிக்கல் இருந்திருக்கு.

நெடுவழி:
பன்னிரண்டில் இரண்டு உடைந்தது. எழுதியவர் நீங்கள்தான்.

ஈயஎழுத்து:
உடையல. விரிசல். சூளையில விட்டது, அச்சுல இல்ல.

நெடுவழி:
ஆறில் ஒரு பங்கு. அதோடு நீங்கள் விரல் உயரத்துக்குக் கட்டை பிடித்தீர்கள். எதை நிறுவ வேண்டுமோ அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டீர்கள். முழு எழுத்தையும் ஐந்து பைசா விளிம்பு தடிமனில் செய்து, அதே நாற்பது தாள் அடித்துக் காட்டுங்கள். அப்போது பேசலாம்.

ஈயஎழுத்து:
அந்தத் தடிமன்ல செஞ்சா பிசினுக்குள்ளயே முங்கிடும், எழுத்தே மேல தெரியாது! அதனாலதான் அவன் அப்படிச் செஞ்சிருக்க முடியாதுன்னு முதல் பதிவுல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்! விளிம்பு அளவு எழுத்துக்கு, கட்டைக்கு இல்ல!

வேங்கைநாடன்:
குங்கிலியமும் இங்கிருந்து சீனத்துக்குப் போன சரக்குதான் என்பதை யாராவது...

நெறியாளர்:
வேங்கைநாடன், கடைசி எச்சரிக்கை.

நெடுவழி:
மூலத்தில் ‘கட்டை’ என்ற சொல்லே இல்லை.

ஈயஎழுத்து:
‘ஒரு எழுத்துக்கு ஒரு முத்திரை’ன்னு இருக்கே! முத்திரையை யாராவது காசு விளிம்பு கனத்துல செய்வாங்களா? பிடிக்க இடம் வேணாமா? வர்ற ஞாயித்துக்கிழமை வேளார் திரும்பச் சூளை போடுறார். இந்தத் தடவை மண்ணை மூணு தடவை சலிச்சு ஐம்பது எழுத்து வைக்கப்போறேன். நெடுவழி தன் ஊரைச் சொல்லட்டும், ஒரு பெட்டி தபால்ல அனுப்புறேன்.

நெடுவழி:
தபாலில் வரும்போதே உடையும்.